சிவப்புச் சீட்டு

இல்ல சிஸ்டர், எனக்குப் பச்சை வேணாம். சிவப்புதான் வேணும். போன திங்கக்கெழம குடுத்தீங்கல்ல, அதே மாதிரி இன்னொரு சிவப்புச் சீட்டு. குடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவேன்.

எதுக்குச் சிரிக்கிறீங்க? எல்லாரும் பச்சை வரணும்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டு உக்கார்றாங்க, இந்தக் கெழவன் மட்டும் சுகர் இருக்குன்னு எழுதிக் குடுன்னு கேக்கறானேன்னா? கேக்கறவனுக்கு ஆயிரம் இருக்கும்மா. இந்தாங்க கை. பெட்டிய அழுத்துங்க, வெளிச்சம் அடிக்கட்டும், சீட்டு வரட்டும்.

கழுவணுமா? போன வாரம் கழுவலையே. பஞ்சால ஒரு இழுப்பு இழுத்தீங்க, அவ்வளவுதான். நானே அந்த ஓரத்துக் குழாய்ல முழங்கை வரைக்கும் கழுவிட்டு வரணுமா? அதெல்லாம் எதுக்கும்மா, தண்ணிய வீணாக்கிக்கிட்டு.

எங்க மினுங்குது? அது வேர்வை.

வேர்வை உரியாதுங்கறீங்க. ம்... கண்ணு கூர்மைதான் உங்களுக்கு. சரி, பசை. ரெக்ஸினு ஒட்டற பசை. எங்க தொழிலே அதான சிஸ்டர். சோபா, கார் சீட்டு, பஸ் சீட்டு, நாலு பேரு உக்கார்ற எதுவா இருந்தாலும் மெத்தை வெச்சு, மேல தோலோ ரெக்ஸினோ இழுத்து ஆணி அடிக்கிறது. நாப்பது வருஷமா இந்தக் கை பசையிலதான் கெடக்குது. என்னைய எரிச்சா கூட பசை வாசம்தான் வரும்.

இருங்க, சோப்பை எடுக்காதீங்க. அவசரப்படாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த ஸ்டூலுக்கு மேல்துணி போட்டது யாரு? உக்காந்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். உள்ள இருக்கறது பழைய பஞ்சு, ஒரு பக்கமா ஒதுங்கிப் போச்சு. ஓரத் தையல் பாருங்க, கோழி கெளறின மாதிரி. வர்றவங்களுக்கு உடம்புல நோவு இல்லன்னா கூட இதுல பத்து நிமிஷம் உக்காந்தா வந்துரும். கையை வெக்கிற மெத்தையும் அப்படித்தான். குடுங்க, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள புதுசாப் போட்டுத் தர்றேன். சும்மாத்தான்.

பேச்சை மாத்தலம்மா. மாத்தினா என்ன இப்ப?

காரணம் சொன்னாத்தான் ஆச்சா? சொல்றேன். ஆனா காரணம் கேட்டதும் குடுத்துரணும். பேச்சு மாறக்கூடாது. சரி, குடுக்க மாட்டேன்னே வெச்சுக்கங்க, கேக்கவாவது கேளுங்க. வண்டிக்கு வெளிய வரிசையில ஒரு ஈ காக்கா கூட இல்ல.

எங்க பட்டறையில ஒருத்தன் இருக்கான். இஞ்சிடேப்பு. நாங்க வெச்ச பேரு. எதையும் மூணு தடவ அளப்பான். டீ கிளாஸு எவ்வளவு உயரம்னு கேட்டா டேப்பை எடுப்பான். எனக்கு மாப்ள வேணும். வேணும்னா, எனக்கு வேணும்னு இல்ல, உறவு அப்படி. என் கூடப் பொறந்த தங்கச்சி புருஷன். அந்த உறவை முறிக்க முடியாதுங்கறதால இருக்கு, இல்லன்னா என்னைக்கோ முறிச்சிருப்பேன்.

பேச மாட்டோம் சிஸ்டர். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரே மேசை. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவுல தோலு. ஒரு தோலை ஒருத்தனா இழுத்துக் கட்ட முடியாது, கோணிக்கும். அவன் அங்க இழுக்கணும், நான் இங்க ஆணி அடிக்கணும். எப்படிப் பேசாம செய்வீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. சுத்தியல் எதுக்கு இருக்கு? மேசையில ஒரு தட்டு தட்டினா, பிடி. ரெண்டு தட்டு, இழு. மூணு தட்டு, விடு. பதினோரு வருஷமா அவ்வளவுதான் எங்க சம்சாரம். முதல் வருஷம் முதலாளி தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்புறம் பாத்தாரு, பேசாம வேலை செய்யறதுல சீக்கிரம் முடியுது. மத்தவங்களையும் சண்டை போட்டுக்கங்கடான்னுட்டாரு.

என்ன சண்டையா? பெரிய சண்டைம்மா. சாதாரணமா நெனைக்காதீங்க.

ஒரு பெரிய எடத்துச் சோபா. நல்ல முழுத் தோலு வந்திருந்துச்சு, கருஞ்செவப்பு. அந்தத் தோல்ல ஒரு எடத்துல தழும்பு. மாடு கன்னுக்குட்டியா இருக்கறப்ப முள்ளுக் கம்பி கிம்பி கீறியிருக்கும். பாத்தா தெரியாது, தடவினாலும் தெரியாது. இழுத்துக் கட்டினா பளிச்சுன்னு எந்திரிச்சு நிக்கும். அந்தத் தழும்பு அடிப்பக்கமாப் போற மாதிரி சாக்பீசால கோடு போட்டு வெட்டணும். கோடு போடறது என் வேலை, வெட்டறது அவன் வேலை. வெட்டி, தெச்சு, இழுத்துக் கட்டிப் பாத்தா, சாயற எடத்துல நட்டநடுவுல ஒரு சாண் நீளத்துக்கு நிக்குது தழும்பு. முதலாளி வந்து பாத்தாரு. யாருடா இதுன்னாரு. இவன் என்ன சொல்லணும்? கண்ணைக் கீழ போட்டுக்கிட்டு நிக்கணும். நான் நின்னேன்ல? இவன் வாயத் தொறந்து, மச்சான் போட்ட கோட்டுலதான் வெட்டினேன்னான். பதினஞ்சு பேரு முன்னாடி. என் தங்கச்சிய எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்தப்ப வாயே தொறக்காத பய, அன்னைக்குத் தொறந்தான்.

கோடு யாரு போட்டதுன்னா? அதெல்லாம் இப்ப எதுக்கு? பழைய கதை. கேள்வி அது இல்ல. பதினஞ்சு பேரு முன்னாடி சொன்னானா இல்லையா? அன்னைக்கு மூடினேன் வாயை. முதல்ல பேசறவன் தோத்தவன். அவனுக்கும் அது தெரியும். ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கோம்.

தங்கச்சி வீட்டுக்குப் போவேன், ஏன் போக மாட்டேன்? ஆடு பகை, குட்டி உறவுன்னு சும்மாவா சொன்னாங்க. நான் முன்வாசல்ல நுழைஞ்சா அவன் பின்வாசல்ல கௌம்பிருவான். ஒரு நாள் பின்வாசல் பூட்டியிருந்துச்சு, துணி அலமாரிக்குப் பின்னாடி நின்னான். காலு தெரியுது. நானும் வேணும்னே ஒரு மணி நேரம் உக்காந்து கதை பேசிட்டு வந்தேன்.

சிரிங்க, சிரிங்க. இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன்.

போன திங்கக்கெழம உங்க வண்டி எங்க பட்டறை வாசல்ல வந்து நின்னுச்சுல்ல. ஊசி இல்ல, ரத்தம் இல்ல, கையக் காட்டினாப் போதும்னு சொன்னீங்க. முதலாளி எல்லாரையும் வரிசையா அனுப்பினாரு. இஞ்சிடேப்பு வந்தானா? ம்ஹூம். ஸ்பாஞ்சு அடுக்கி வெச்சிருக்கற ரூமுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டான். அவனுக்கு ஊசின்னா பயம். கேக்க வேடிக்கையா இல்ல? பத்து இஞ்சுக் குத்தூசி, வளைஞ்ச ஊசி, கோணி ஊசி, நாள் பூரா ஊசிய வெச்சுத்தான் பொழப்பு. தோலைக் குத்துவான், ரெக்ஸினைக் குத்துவான், தன் தோல்ல ஒண்ணு குத்தணும்னா மயங்கி விழுந்துருவான். என் தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனப்ப அவளுக்குப் போட்ட ஊசியப் பாத்துட்டு இவன் விழுந்து, புள்ளையத் தூக்கிட்டு வந்த நர்சு மொதல்ல இவனத்தான் தாண்ட வேண்டியதாச்சு. ஊசி இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. நம்பல. மொதல்ல வெளிச்சம்பாங்க, அப்புறம் மெதுவா ஊசிய எடுப்பாங்கன்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கான்.

நான் காட்டினேன். சிவப்புன்னு வந்துச்சு. நீங்க கூட பொறுமையாச் சொன்னீங்க. சக்கரை ரத்தத்துல அதிகமா ஓடினா கொஞ்சங் கொஞ்சமாத் தோல்ல போய் ஒட்டிக்கும், வருஷக்கணக்குல சேரும், இந்த வெளிச்சம் பட்டா அது மினுங்கும்னு. எனக்குப் பட்டுனு புரிஞ்சுது. தோலுக்கு மறதி கெடையாதும்மா, எங்களுக்குத் தெரியாதா? கன்னுக்குட்டியில பட்ட கீறலு மாடு செத்து, பதம் பண்ணி, சாயம் ஏத்தினப்புறமும் நிக்குது. என் தோலும் என்னைய மாதிரிதான், எதையும் மறக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். இது முடிவு இல்ல, ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துப் பாத்துத்தான் உறுதி பண்ணணும்னும் சொன்னீங்க. ஞாபகம் இருக்கு.

சீட்டை மேசை மேல வெச்சுட்டுக் கைகழுவப் போனேன். வந்து பாத்தா எடம் மாறியிருக்கு. அவன் எடுத்துப் பாத்திருக்கான்.

செவ்வாக்கெழம டீ வருது. ஃபிளாஸ்க்குல வர்ற டீய ஊத்தி, சக்கரை போட்டு, கலக்கி எல்லாருக்கும் வெக்கிறது எப்பவும் அவன்தான். அளவு சரியா இருக்கும்ல, அதுக்காக. எனக்கு மட்டும் கிளாஸை மேசை ஓரத்துல வெச்சு ஒரு தட்டு தட்டுவான். பிடின்னு அர்த்தம். பிடிச்சேன். குடிச்சா, சப்புன்னு இருக்கு. சக்கரையே இல்ல. எனக்கு ஏறிச்சு பாருங்க கோவம்! பகைன்னா பகையோட போகணும். சக்கரையில கை வெக்கலாமா? எடுத்து அவன் மூஞ்சியில ஊத்தலாம்னு திரும்பினேன். அவன் கிளாஸை வாயில வெச்சுட்டு வேப்பெண்ண குடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கான். அப்புறம் அவன் கிளாஸைக் கழுவறப்பப் பாத்தேன், அடியில ஒரு சக்கரைத் துகள் கெடையாது. அதுலயும் போடல சிஸ்டர். நாலு ஸ்பூன் போடற பய. அவன் டீயில ஸ்பூன் நட்டா நிக்கும்.

புதன்கெழம பன்னு வரல. வேணாம்னு கடைக்காரன்கிட்டச் சொல்லிட்டானாம். ரெண்டு பேருக்கும். வியாழக்கெழம வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறேன். அவன் பஸ் ஏறல. நடக்கறான். நாலு எட்டு போயிட்டுத் திரும்பிப் பாக்கறான், நிக்கிறான். நான் வேற எங்கயோ பாத்தேன். மறுபடியும் நாலு எட்டு, நிக்கிறான். சுகர்காரன் நடக்கணும்னு யாரோ சொல்லியிருக்காங்க போல. சரி போய்த் தொலையட்டும்னு நானும் நடந்தேன். பத்தடி இடைவெளி. அவன் முன்னாடி, நான் பின்னாடி. பாக்கறவங்க, முன்னாடி போறவன் எதையோ திருடிட்டான், இந்தக் கெழவன் துரத்தறான்னு நெனச்சிருப்பாங்க.

அப்பத்தான் பாத்தேன். நொண்டறான்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் காலு எனக்கு எங்க தெரியும்? இடுப்புக்கு மேலதான் தெரியும். தங்கச்சியக் கேட்டேன். மூணு மாசம் முன்னாடி குதிகால்ல ஆணி ஏறியிருக்கு. இன்னும் ஆறலையாம். கட்டுப் போட்டு, செருப்புக்குள்ள துணி வெச்சுக்கிட்டு நடக்கறானாம். வலிக்கலையாமே. அதான் எனக்குச் சரியாப் படல. ஆணி ஏறின காலு வலிக்கணும்ல?

அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. நாலஞ்சு மாசமா மாடு மாதிரி தண்ணி குடிக்கிறான். சாப்பாட்டு நேரத்துக்குள்ள ரெண்டு பாட்டில். நான் ரெண்டு தட்டு தட்டறேன், இழுக்கணும், இவன் தோலை விட்டுட்டுக் கக்கூசுக்கு ஓடறான். தோலு கோணிக்குது. என்னை வெறுப்பேத்தத்தான் ஓடறான்னு நெனச்சு மனசுல குறிச்சு வெச்சேன். செவ்வாக்கெழம ஆறு தடவ, புதன்கெழம எட்டு தடவன்னு. பகையாளியக் கவனிக்கிற மாதிரி பொண்டாட்டிய கூட யாரும் கவனிக்க மாட்டாங்க சிஸ்டர். கண்ணைக் கிட்ட வெச்சுத்தான் டேப்பைப் படிக்கிறான். சட்டை தொளதொளன்னு தொங்குது. எல்லாம் பாத்திருக்கேன். சந்தோஷமாப் பாத்திருக்கேன், அதான் கேவலம்.

ஆமா. நீங்க நெனைக்கறதுதான். அந்தச் சீட்டு அவனுக்கு வரவேண்டியது.

வெள்ளிக்கெழம நான் ஆஸ்பத்திரி போய் ரத்தம் குடுத்தேன். எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அந்த டாக்டரு கையப் பிடிச்சுப் பாத்து, நகத்தால சுரண்டி, என்ன வேலைன்னாரு. சொன்னேன். உங்க பசைதான் வெளிச்சத்துல மினுங்கியிருக்கும்யான்னு சிரிச்சாரு. நல்லாத்தான் இருந்துச்சு. சனிக்கெழம பட்டறைக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லி, சக்கரை போட்ட டீ கேட்டு வாங்கணும்னு போனேன். போனா, கிளாஸை வெச்சு ஒரு தட்டு தட்டறான். சப்புன்னு டீ. குடிச்சேன். சொல்லல.

எப்படிச் சொல்றது? எனக்கு இல்லைன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் நாலு ஸ்பூன் போட்டுக்குவான். நடக்கறதையும் விட்டுருவான். எனக்காக வாயைக் கட்டறவன் தனக்காகக் கட்ட மாட்டான்.

அதனால, இன்னைக்கும் சிவப்பா வரணும்ல? சீட்டை எடுத்துப் பாக்கற பய, பச்சைன்னா எல்லாத்தையும் விட்டுருவான். காலையில முழங்கை வரைக்கும் நல்லா ரெண்டு பூச்சு பூசிக் காயவெச்சுட்டு வந்தேன்.

ஆமாம்மா, வேணும்னேதான். திட்டுங்க. வாங்கிக்கிறேன். பொய்ச் சீட்டு குடுக்க மாட்டேன், அது என் வேலை இல்லைங்கறீங்க. நியாயம். என் வேலையில ஒருத்தன் கோணலா வெட்டச் சொன்னா நானும் மாட்டேன்னுதான் சொல்லுவேன். சரி, சோப்பைக் குடுங்க. கழுவிக்கிறேன்.

அவன் எங்கயா? வெளியதான். உங்க வண்டிப் படிக்குப் பக்கத்துல, நீலச் சட்டை, ஒத்தக் காலு செருப்பைக் கழட்டிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான். நான் மயங்கி கியங்கி விழுந்துட்டா தூக்க ஆள் வேணும்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டுக் கூட வந்திருக்கான். பத்தடி தள்ளித்தான் வந்தான். கூட வர்றவங்களுக்கும் பாக்கறோம்னு உங்க வண்டியில எழுதியிருக்காமே? எனக்குப் படிக்கத் தெரியாது, தங்கச்சி படிச்சுச் சொன்னா. நீங்க எட்டிப் பாத்து, வாங்க, உங்களுக்கும் பாக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா வருவான்.

கூப்பிட்டீங்களா? எப்ப? நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியேவா? ரெண்டு தடவயா? மாட்டேன்னு தலையாட்டிட்டானா? ஊசி இருக்குன்னு நெனச்சிருப்பான்.

நானா? நான் கூப்பிடணுமா? நல்லாருக்கே. பதினோரு வருஷம்மா. முதல்ல பேசறவன்... சொன்னேன்ல.

இருங்க. வேற வழி இருக்கு. இந்தத் தகரச் சுவர் நல்லா சத்தம் கேக்கும். ரெண்டு தட்டு தட்டறேன் பாருங்க, வருவான். இழுன்னு அர்த்தம்.

எந்திரிச்சானா? பாருங்க ஜன்னல் வழியா. திரும்பிப் பாக்கறானா? அப்புறம்? உக்காந்துட்டானா. இழுக்க என்ன இருக்கு அங்க, பாவம். தோலு இங்கல்ல இருக்கு.

அந்தக் காலு இன்னும் எத்தன நாளு தாங்கும்மா? ... சொல்லாதீங்க. உங்க மூஞ்சியிலேயே தெரியுது.

கதவைத் தொறங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க.

மாப்ள! ஏ மாப்ள! இங்க வா. உன்னத்தான். வேற எவன் எனக்கு மாப்ள? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத, ஈ போயிரப் போகுது. ஏறு. பாத்து ஏறு, அந்தக் கால ஊனாத. இந்த ஸ்டூல்ல உக்காரு. மோசமான ஸ்டூலுதான், எனக்கும் தெரியும், அப்புறம் அளந்துக்கலாம். ஊசி இல்ல. பாரு, மேசையப் பாரு, சிஸ்டர் கையப் பாரு. எங்கயாவது இருக்கா? வெறும் வெளிச்சம்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன். அது பசை. ஆமாய்யா, சனிக்கெழமையில இருந்து தெரிஞ்சேதான் அந்தக் கழுநீர் டீயக் குடிச்சேன்.

எங்க எந்திரிக்கற? உக்காரு. ஏமாத்திட்டேன், சரி. கோவிச்சுக்க. இன்னும் பதினோரு வருஷம் கூடப் பேசாத. மாப்ள, படியெறங்காத. நில்லு. சிஸ்டர், நீங்க பிடிக்காதீங்க, அவன் நிப்பான்.

டேய், அந்தக் கோடு நான்தான்டா தப்பாப் போட்டேன். தழும்பு இருந்த எடத்த மறந்துட்டேன். போதுமா?

இப்ப கையை நீட்டு.